லென்ஸ் மேல் போட்ட பழி

கபடி எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். “70-200, எஃப் 2.8. அது கையில இல்லாம ராத்திரி மேட்சுக்குப் போகாதே.” பல வருஷம் இதை நம்பிச் சொன்னேன். அப்புறம் கொஞ்ச காலம், உண்மை வேறு என்று தெரிந்த பிறகும் சொன்னேன். முன்னதை அறியாமை என்று தள்ளிவிடலாம். பின்னதைத்தான் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

தொழிலில் நான் கல்யாண போட்டோகிராபர். காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் ஸ்டுடியோ. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் அம்மன் கோயில் திருவிழா உண்டு, திருவிழா இருந்தால் தொடர் கபடி உண்டு. அப்படித்தான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் முதல் ஆட்டம், விடிகிற நேரத்தில் இறுதி ஆட்டம். நான்கு மூலையிலும் சவுக்குக் கட்டை நட்டு, உச்சியில் ஃபோகஸ் லைட் கட்டியிருப்பார்கள். விழாக் கமிட்டி ஆல்பம் கேட்கும், பத்திரிகை நிருபர் ஒரு படம் கேட்பார், பையன்கள் ஸ்டேட்டஸ் வைக்கக் கேட்பார்கள். பெரிதாகப் பணம் வராது. ஆனாலும் மேடையில் நிற்கும் மாமனார்களிடம் “கொஞ்சம் சிரிங்க சார்” என்று கெஞ்சிக்கொண்டிருக்கும் ஆளுக்கு, யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்காத இடத்தில் படம் எடுப்பது ஒரு விடுதலை.

படங்கள்தான் சரியாக வரவில்லை. அந்த நாட்களில் எடுத்த ஒன்று இப்போதும் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ரைடர் நடுக்கோட்டை நோக்கி எம்பிப் பாய்கிறார், காலை ஒருவர் கவ்வியிருக்கிறார், இன்னொருவர் மேலே விழுகிறார். ஆட்டத்தையே தீர்மானித்த பிடி அது. படத்தில் மூன்று பேருக்கும் முகம் இல்லை. தோல் நிறத்தில் மூன்று தீற்றல், அவ்வளவுதான். பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் மட்டும் கத்தி மாதிரி தெளிவு. கோப்பை உபயம் செய்தவரின் மீசை முடியை எண்ணலாம். “முதல் பரிசு வழங்குபவர்” என்ற வரிக்குக் கீழே இருந்த கைபேசி எண்ணைக்கூடப் படிக்க முடிகிறது. அந்த உபயதாரருக்குப் படம் ரொம்பப் பிடித்துப் போய் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுப் பட ஆர்டர் கொஞ்ச காலத்துக்கு அதுதான்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் விளங்கியிருக்கும். கை நடுங்கியிருந்தால் ஃபிளெக்ஸும் கலைந்திருக்கும். லென்ஸ் மட்டமாக இருந்தால் ஃபிளெக்ஸ் எழுத்தும் மழுங்கியிருக்கும். அசையாத பொருள் தெளிவாக விழுந்து, அசைகிற பொருள் மட்டும் கலைந்திருந்தால் குற்றவாளி ஒருவர்தான், ஷட்டர் வேகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். படத்தின் விவரத்தைத் திறந்தால் 1/60 என்று எழுதியிருந்திருக்கும். நான் திறக்கவில்லை. லென்ஸ் கடையின் விலைப்பட்டியலைத்தான் திறந்தேன்.

ஏன் 1/60? இங்கேதான் என்னுடைய நிஜமான நோய் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க கேமராவில் மூன்று இடம்: லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஐஎஸ்ஓ எவ்வளவு. கிராமத்து ஃபோகஸ் லைட்டில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400 வைத்தால் சுமாராக 1/1000 கிடைக்கும். என்னிடம் அப்போது இருந்தது 70-300, முழுதாக இழுத்தால் எஃப் 5.6. எஃப் 2.8-க்கும் 5.6-க்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம், அதாவது நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். சரி, அதே 6400 வைத்தால் 1/250 ஆவது கிடைத்திருக்குமே? கிடைத்திருக்கும். ஆனால் நான் 1600-க்கு மேல் போக மாட்டேன். செத்தாலும் போக மாட்டேன். 1600, 5.6, ஆகவே 1/60.

இந்த 1600 பிடிவாதம் கல்யாண ஆல்பத்திலிருந்து வந்தது. ஒரு மணப்பெண்ணின் அம்மா பெரிய சைஸ் படத்தை ட்யூப்லைட் அடியில் பிடித்து, “ஏன் தம்பி, புள்ளைக்கு மொகமெல்லாம் மணல் கொட்டுனாப்ல இருக்கு?” என்று கேட்டார். அன்றைக்குப் பணத்தில் பிடித்தமும் செய்துவிட்டார்கள். அதிலிருந்து, ஐஎஸ்ஓ ஏற ஏற வரும் அந்த மணல், கிரெயின்ஸ் என்றால் எனக்குப் பாம்பைப் பார்த்த மாதிரி. பிலிம் காலத்தில் தொழில் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான்: 100 பிலிம் சுத்தம், 400 பரவாயில்லை, அதற்கு மேல் போனால் கையாலாகாதவன். பிலிமில் கற்ற பயத்தை டிஜிட்டலுக்கும் அப்படியே தூக்கி வந்தேன். 2007-இல் நிக்கான் டி3 வந்து, 6400 ஐஎஸ்ஓ அன்றாடம் புழங்கக்கூடிய எண்தான் என்று காட்டிவிட்டது. உலகம் முழுக்க ராத்திரி ஆட்டம் எடுப்பவர்கள் அதை வாங்கிக் கொண்டாடினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோதுகூட, ‘அது பெரிய கேமராவுக்குப்பா’ என்று சொல்லிவிட்டு நான் 1600-லேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்த சின்ன கேமராக்களும் அதைச் செய்தன. நான் செய்யவில்லை.

மணப்பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பார், ரைடர் உட்கார மாட்டார். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இவ்வளவுதான் நான் புரிந்துகொள்ளத் தவறியது. நீட்டுகிற கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/60-இல் அது 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஒரு உள்ளங்கை அகலம். 1/1000-இல் 5 மில்லிமீட்டர். கிரிக்கெட் இன்னும் கொடுமை. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து 1/1000-இல்கூடக் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் போய்விடும். பந்தின் விட்டமே 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதனால்தான் பந்து மட்டையில் படும் படத்துக்கு 1/2000, அதற்கும் மேலே என்று ஏற்றுகிறார்கள்.

இன்னொரு மூடநம்பிக்கையும் இருந்தது. என் லென்ஸின் பக்கவாட்டில் நடுக்கம் தடுக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் 1/60 போதும் என்று அட்டைப்பெட்டியில் எழுதாத குறையாக நம்பினேன். அது தடுப்பது என் கை நடுக்கத்தை. ஆட்டக்காரரின் ஓட்டத்தைத் தடுக்க அதற்கு வழியில்லை. உபயதாரரின் மீசை அவ்வளவு தெளிவாக விழுந்த புண்ணியம் அந்தச் சுவிட்சைச் சேரும்.

ஆக, அந்த 70-200 லென்ஸை வாங்கினேன். வீட்டு மாடியில் ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது, தளம் போடுவதற்காக என் மனைவி கட்டி வந்த சீட்டு அது. எடுத்துவிட்டேன். லட்சத்துக்கு மேல் ஆன லென்ஸுக்குப் பாதி விலை சொன்னேன். “ஏங்க, இவ்ளோ கனமா இருக்கே, இதுக்கு இந்த வெலதானா?” என்று கையில் வாங்கிப் பார்த்துக் கேட்டார். செகண்ட் ஹேண்ட் என்றேன். பெட்டி, பில் எல்லாவற்றையும் ஸ்டுடியோ லாஃப்டில் ஒளித்து வைத்தேன். அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு மாடியறையில் மூன்று இடத்தில் வாளி வைத்தோம்.

புது லென்ஸோடு போன முதல் ராத்திரி நான் செய்த காரியத்தைத்தான் இந்தக் கட்டுரையிலேயே ரொம்பச் சிரமப்பட்டு எழுதுகிறேன். எஃப் 5.6-இலிருந்து 2.8-க்கு வந்துவிட்டேன், நாலு மடங்கு வெளிச்சம் கையில் இருக்கிறது. அந்த நாலு மடங்கையும் ஷட்டருக்குக் கொடுத்திருந்தால் 1/60 என்பது 1/250 ஆகியிருக்கும். முழுசாகப் போதாது என்றாலும் முகம் தெரிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? ‘இப்பதான் நல்ல லென்ஸ் வந்திடுச்சே, இனி எதுக்கு 1600’ என்று ஐஎஸ்ஓ-வை 800-க்கு இறக்கினேன். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பாதியைச் சுத்தத்துக்குச் செலவழித்துவிட்டு, மீதியில் 1/125 வாங்கிக்கொண்டேன். படங்கள் பளிங்கு மாதிரி வந்தன. மண்ணில் ஒரு புள்ளி கிடையாது, இருட்டில் ஒரு கிரெயின்ஸ் கிடையாது. ஆட்டக்காரர்கள் மட்டும் அதே தீற்றல், முன்பைவிடச் சற்று ஒல்லியான தீற்றல்.

அதற்கும் லென்ஸையே சந்தேகப்பட்டேன். ஃபோகஸ் தள்ளி விழுகிறதோ என்று ஸ்டுடியோவில் ஸ்கேலைச் சாய்த்து வைத்துச் சோதித்தேன். ஃபில்டரைக் கழற்றினேன். பாடி பழசு என்றேன். ஆட்டோ ஃபோகஸ் புள்ளிகள் குறைவு, நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கிறது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்களிடம் எல்லாம் புலம்பினேன். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் பாடி கையில் இருந்திருந்தால் அதே வேகத்தில் பத்துத் தீற்றல் எடுத்திருப்பேன்.

இடைப்பட்ட காலத்தில் இதையெல்லாம் மறைக்கச் செய்த தந்திரங்கள் ஒரு தனித் தொழில். முதலாவது, பேனிங் என்று சொல்லிவிடுவது. நிஜமான பேனிங்கில் ஓடுகிறவரோடு சேர்ந்து கேமராவும் நகரும். முகம் தெளிவாக நிற்கும், பின்னணி கோடு கோடாக இழுபடும். ரேக்ளா ரேஸுக்கு 1/60-இல் அப்படி எடுத்தால் மாட்டின் கண் நிற்கும், சக்கரமும் தோப்பும் பறக்கும். என் படத்தில் தலைகீழ். கேட்டால் “மூவ்மெண்ட் தெரியணும்ல” என்பேன். கறுப்பு-வெள்ளையாக்கிப் போடுவது இன்னொன்று. அதில் எந்தக் குறையையும் கலை என்று சொல்லிக்கொள்ளலாம். படத்தைச் சின்னதாக்கி, ஷார்ப்னெஸை வலது கோடிக்கு இழுத்து, ஓரங்களில் வெள்ளைக் கோடு பூக்கும் வரை தீட்டி அனுப்புவேன். பகிரும் முன் படத்தோடு வரும் ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களை அழித்துவிடுவேன். யாரும் கேட்காத அந்த எண்களை ஏன் அழித்தேன்? உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் இருந்தது போல.

அசையாத தருணங்களைத் தேடிப் போகவும் பழகிக்கொண்டேன். ரைடர் குனிந்து கோட்டைத் தொட்டுக் கும்பிடுவது, நடுவரோடு கேப்டன் மல்லுக்கட்டுவது, முழங்காலில் பேண்டேஜ் சுற்றுவது, கோப்பை. ஆல்பத்தைப் பார்த்தால் கபடி என்பது பேசிக்கொண்டே நிற்கும் விளையாட்டு என்றுதான் நினைப்பீர்கள். ஒரு முறை இன்னும் கீழே இறங்கினேன். இறுதி ஆட்டம் முடிந்த காலை வெளிச்சத்தில் ஜெயித்த அணிப் பையன்களை நிறுத்தி, “அந்த டைவ் ஒன்னு போட்டுக் காட்டுங்கப்பா” என்று மறுபடி ஆடவைத்து எடுத்தேன். களைத்துப் போயிருந்தார்கள், ஆனாலும் எனக்காக விழுந்தார்கள். அது ஆட்டத்தின்போது எடுத்த படம் என்று போய்ச் சேர்ந்தது. கிரிக்கெட் பேட்ஸ்மேன் விக்டர் டிரம்பர் கிரீஸை விட்டு இறங்கிப் பாயும் அந்தப் புகழ்பெற்ற படமே ஆட்டத்தில் எடுத்ததில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைதான், ஜார்ஜ் பெல்டாம் அதை மேட்சில் எடுக்கவில்லை. ஆனால் பெல்டாம் 1905-இல் வெளிவந்த, பேட்ஸ்மேன்களின் ஆட்டமுறையை விளக்கும் புத்தகத்துக்காக அவர்களை ஆடிக்காட்டச் சொல்லி எடுத்தவர், அவரே கவுண்டி கிரிக்கெட் ஆடியவர். நான் தினச்செய்திக்கு எடுத்தேன். என்னை அவரோடு சேர்த்துக்கொண்டதுகூட ஒரு திருட்டுதான்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது என் புத்தியால் அல்ல. பாடியின் ஷட்டர் பழுதாகி சர்வீஸுக்குப் போயிருந்த நேரம், ஒத்துக்கொண்ட மேட்ச் ஒன்று இருந்தது. பள்ளி விளையாட்டு விழாக்கள் எடுக்கும் ஒரு நண்பரிடம் கேமரா கேட்டேன். அவருடையது வேறு கம்பெனி பாடி, என் லட்ச ரூபாய் லென்ஸ் அதில் மாட்டாது. அவரிடம் இருந்த 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸோடு அனுப்பினார். கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் லென்ஸ். வேறு வழியில்லாமல் எடுத்துப் போனேன்.

சின்ன சென்சார் பாடியில் 50 எம்எம் கொஞ்சம் நெருக்கமாகவே காட்டும். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான். ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பிடி விழும் இடம் பல நேரம் ஐந்தாறு மீட்டரில் இருக்கும். 200 எம்எம்-இல் காலும் காதுமாக வெட்டுப்பட்டு வந்த பிடி, இதில் ஏழு பேரோடு முழுசாக வந்தது. அது அப்புறம் கவனித்தது. அந்த ராத்திரி நான் கவனித்தது திரையில் தெரிந்த கிரெயின்ஸை மட்டும். நண்பர் ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் போட்டு, ஷட்டர் 1/1000-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று கட்டி வைத்திருந்தார். கேமரா தன்பாட்டுக்கு 3200, 4000, 6400 என்று ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பாதி ராத்திரியில்தான் பார்த்தேன். போனிலேயே அவரைத் திட்டினேன். அவர் தூக்கக் கலக்கத்தில், “படம் ஷார்ப்பா இருக்கா இல்லையா, அதப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆங்கிள் ஹோல்ட். ரைடரின் குதிகாலைப் பிடித்த விரல்கள் ஐந்தும் தனித்தனியாக, நகக்கண்ணில் அழுக்கோடு. காலால் எத்திய மண் அந்தரத்தில் துகள் துகளாக நிற்கிறது. பிடித்தவரின் பல், பல்லில் ஒட்டியிருந்த மண். கிரெயின்ஸ்? இருந்தது. இருட்டு முழுக்க இருந்தது. மறுநாள் பத்திரிகையில் நாலு காலத்தில் வந்தபோது தேடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. செய்தித்தாள் அச்சே புள்ளிகளால் ஆனதுதானே. கமிட்டிக்குப் போட்ட பெரிய பிரிண்டில் தெரிந்தது, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரைடரின் அப்பா அந்தப் பிரிண்ட் முன்னால் நின்று பல்லைத்தான் காட்டினார்.

அதே மாதிரி 50 எம்எம் என் கல்யாணப் பையிலும் இருந்தது. மணப்பெண்ணைத் தனியாக உட்காரவைத்து எடுப்பதற்கென்று என்றைக்கோ வாங்கியது. லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கப் புறப்பட்ட அன்றைக்கும் அது பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருந்தது.

இதுவரை சொன்னது முட்டாள்தனம். இனிமேல் சொல்வது வேறு ரகம். அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஆட்டம் எடுக்க வந்துகொண்டிருந்தான். நல்ல கண். ஆட்டம் தெரிந்தவன், பள்ளிக்கூடத்தில் கார்னர் ஆடியவன். ஆரம்பநிலை கேமரா, அதோடு வந்த லென்ஸ், ஒரு 55-250. எனக்கு வர வேண்டிய ஒன்றிரண்டு கமிட்டிகள் அவனைக் கூப்பிடத் தொடங்கியிருந்தன. பல் தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான்.

“அண்ணே, எனக்கு எல்லாம் ஷேக் ஆவுதுண்ணே. இது என்ன செட்டிங்குண்ணே?”

செட்டிங் என்ன என்றுதான் கேட்டான். லென்ஸ் என்ன என்று கேட்கவில்லை. ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்: ஷட்டரை 1/1000-க்குக் கட்டு, ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும், ஒரு 50 வாங்கிக்கொள். அந்த டீ ஆறுவதற்குள் அவனுடைய தொழில் மாறியிருக்கும். நான், “செட்டிங்லாம் ஒன்னுமில்ல தம்பி. எல்லாம் லென்ஸ்தான். 2.8 இல்லாம கபடி எடுக்க முடியாது” என்றேன். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். அவன் கையில் இருந்த படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று எனக்குத் தெரியும். அவனால் 2.8 வாங்க முடியாது என்றும் தெரியும். அதனால்தான் சொன்னேன்.

வாங்கிவிட்டான். ஃபைனான்ஸ் போட்டு, செகண்ட் ஹேண்டில். என்னிடம் கொண்டுவந்து காட்டினான். வாழ்த்தினேன். அடுத்த திருவிழாவில் அவன் திரையை எட்டிப் பார்த்தேன். ஐஎஸ்ஓ 800.

பிறகு என் படங்கள் மேலும் கொஞ்சம் தேறின, அதில் எனக்கு இன்னும் குற்றவுணர்வுதான். ஷட்டர் சரியானதும் அடுத்த அடுக்குத் தப்புகள் தெரிய ஆரம்பித்தன. ஒன்று, ஃபோகஸ். கல்யாணப் பழக்கத்தில் ஒரு முறை பூட்டி எடுக்கும் ஃபோகஸிலேயே இருந்தேன். பாதி அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், ஆள் அதற்குள் ஒரு மீட்டர் போயிருப்பார். 10 மீட்டர் தூரத்தில் 200 எம்எம், எஃப் 2.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு முழம்கூட இருக்காது. தொடர்ந்து பின்தொடரும் ஃபோகஸுக்கு மாற்றி, அதை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து முதுகுப் பக்கப் பட்டனுக்குக் கொடுத்தேன். கட்டைவிரல் அழுத்தியிருக்கும் வரை பின்தொடரும், எடுத்தால் நின்றுவிடும். பழக ஒரு சீசன் ஆனது. ஃபோகஸ் புள்ளிகள் எல்லாவற்றையும் கேமராவிடம் விட்டால் அதற்கு ஃபிளெக்ஸ்தான் பிடிக்கும், எழுத்து எப்போதும் பளிச்சென்று இருப்பதால். நடுவில் ஒரு சின்ன வட்டாரத்தை மட்டும் விட்டு, அதை ரைடரின் நெஞ்சில் வைக்கப் பழகினேன்.

வெளிச்சத்தின் துடிப்பு இன்னொரு தலைவலி. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பளிச்சிடும். 1/100-இல் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்து சமமாகிவிடும். 1/1000-இல் அந்தத் துடிப்பின் ஒரு கீற்று மட்டும் மாட்டும். அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருண்டும் இருக்கும். வேகமாக எடுக்க ஆரம்பித்த பிறகே வரும் வியாதி இது. என்னுடைய கேமரா கெட்டுவிட்டது என்று மறுபடியும் ஒரு வாரம் நம்பினேன், பழைய குணம் எங்கே போகும். 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2 முதல் சில பாடிகளில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு, விளக்கு உச்சத்துக்கு வரும் கணத்துக்காகக் காத்திருந்து அழுத்தும். இல்லாதவர்கள் ‘ரா’வில் எடுத்துவிட்டு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்டம். நான் கபடியைக் கேமரா வழியாக மட்டுமே பார்த்தவன். அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’, அதில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் வெளியே. அப்போது பிடி விழும் வாய்ப்பு அதிகம். இதுகூடத் தெரியாமல் எல்லா ரெய்டுக்கும் ஒரே மாதிரி பர்ஸ்ட் அடித்துக் கார்டை நிரப்பி, முக்கியமான நேரத்தில் கேமரா எழுதி முடிப்பதற்குக் காத்திருப்பேன். 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் டையில் முடிந்தபோது, ‘தி ஏஜ்’ நாளிதழின் ரான் லோவிட் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிலிம் தகடு. ஜோ சாலமன் எறிந்து கடைசி விக்கெட் விழும் கணத்தை அதில் பிடித்தார். அந்தப் பக்கத்து ஊர்ப் பையனுக்கு அப்படிப்பட்ட பொறுமை இருந்தது. கார்னர் ஆடியவனுக்கு ரைடரின் இடுப்பைப் பார்த்தே அடுத்த அடி தெரியும். அவனிடம் இல்லாமல் இருந்தது ஒரு எண். அது என்னிடம் இருந்தது.

மனைவியிடம் லென்ஸ் விலையைப் போன பொங்கலுக்குச் சொல்லிவிட்டேன். லாஃப்ட்டைச் சுத்தம் செய்யப் போனவர் பில்லை எப்போதோ பார்த்துவிட்டாராம். “நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்” என்றார். தளம் போட்டாகிவிட்டது, அவர் தம்பி கொடுத்த பணத்தில். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத அனுமதி இல்லை.

பையனிடம்தான் பாக்கி. போன மாதம், ‘அண்ணே, கபடி நமக்குச் சரிப்படல, 2.8-ஐக் கொடுத்துடலாம்னு இருக்கேன், ஆள் இருந்தா சொல்லுங்க’ என்று செய்தி அனுப்பியிருந்தான். பதில் போடவில்லை. இங்கே போடுகிறேன்.

தம்பி, விற்காதே. ஃபைனான்ஸ் மீதி எவ்வளவு என்று நேரில் சொல், அதில் என் பங்கு உண்டு, ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ராத்திரி கபடிக்கு என் 50 எம்எம்-ஐ வந்து வாங்கிக்கொள், உன் பாடிக்குச் சேரும். எஃப் 2, ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல் எல்லை 6400. திரையில் பார்க்க அசிங்கமாக இருக்கும், கையை வைக்காதே. உன் 2.8-ஐப் பகல் ஃபுட்பாலுக்கும் சாயங்கால வாலிபாலுக்கும் வை. தூரம் அதிகம், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. வாலிபாலில் ஸ்மாஷ் எடுக்க 1/1250-க்குக் குறையாதே. மண் தரை என்றால் லென்ஸ் மாற்றுகிற வேலையைக் களத்தோரம் வைத்துக்கொள்ளாதே, வண்டிக்குள் போய் மாற்று. அப்புறம், தை மாதம் எனக்கு வந்திருக்கும் மூன்று நாள் தொடர் ஆட்டத்தில் அந்த முனை உனக்கு, இந்த முனை எனக்கு. காசு பாதிப் பாதி. டீ நான் வாங்கித் தருகிறேன்.